ரெண்டு நடக்குது

ஐம்பதுகளின் நடுவில் இலங்கை மலையகத்தில், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருத்துவிச்சியாக இருந்தேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்குப் புதன்தோறும் போவேன். எந்தக் குழந்தை எந்த நாளில் தலை நிமிர்த்தியது, உட்கார்ந்தது, தவழ்ந்தது என்பதெல்லாம் என் குறிப்புக் கொப்பியில் இருக்கும்.

அன்று தோட்டத்து டாக்டரும் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அவசரக்காரர். பாயில் இருந்த ஒரு பெண்குழந்தையின் வயதை, பால் கொடுக்க வந்திருந்த அதன் தாயிடம் கேட்டார்.

“ரெண்டு நடக்குதுங்க.”

“வயசு நடக்குது, பிள்ளை நடக்கேல்லையே!”

சிரித்துக்கொண்டே ஒரு சாவியால் குழந்தையின் உள்ளங்காலைக் கீறினார். பெருவிரல் மேலே எழும்பியது. நரம்பு பழுது என்றார். வயது இரண்டு என்று எழுதி, குழந்தையை ஊனமுற்றோர் விடுதிக்கு அனுப்பும் படிவத்தை என்னிடம் நீட்டினார். அதில் என் கையெழுத்தும் வேண்டும்.

“மிஸ்ஸி, புள்ளயக் குடுத்துறாதீங்க” என்றாள் தாய் என்னிடம்.

நான் டாக்டர் பக்கம் திரும்பினேன். “ரெண்டு நடக்குதுன்னா ஒண்ணுதாங்க முடிஞ்சிருக்கு. பதிமூணு மாசம், ஒம்பது நாள். அதுலயும் அஞ்சு வாரம் முந்திப் பொறந்தது.”

“அப்ப விரல்?”

அதற்கும் பதில் இருந்தது. பதுளையில் பயிற்சியின்போது படித்தது. மூளையிலிருந்து காலுக்கான கட்டளையைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் பிறக்கும்போது பெரும்பாலும் உறையில்லாமல் இருக்கும். பக்கத்துக் கலங்கள் தம் மென்சவ்வை அவற்றின்மீது சுற்றிச் சுற்றிக் கொழுப்பு நிறைந்த வெள்ளை உறையாக்கும். அதுதான் மயலின். உறை தடிக்கத் தடிக்கச் செய்தி விரைந்து ஓடும். காலுக்கான நீண்ட இழைகளுக்கு அது முற்றுப்பெற வெகுநாள் எடுக்கும். அதுவரை உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே போவது வழமை. இன்னும் நடக்கத் தொடங்காத குழந்தைகள் பலருக்கும் அப்படித்தான் என்று சொல்லி, கொப்பியில் அவள் பிறந்த தேதி இருந்த பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

“எனக்குப் படிப்பிக்கிறீரோ?”

“இல்லைங்க, தேதி சொல்றேன்.”

“தோட்டத்துத் துரையிட்டச் சொல்லுவன்.”

“சொல்லுங்க. நானும் வர்றேன்.”

அந்தப் பிள்ளை நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அது எனக்கே தெரியாது. தீர்ப்புச் சொல்லும் காலம் வராத ஒன்றின் கீழ்க் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றேன்; இன்று கேட்டாலும் வைக்கமாட்டேன். அவர் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

தாய் பிள்ளையைப் பாயில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குத் திரும்பினாள்.