கார்டு பஸ் கண்டக்டர் சுடலைமுத்து அண்ணாச்சி

"சுடலைமுத்து அண்ணாச்சி போயிட்டாவளாம்" என்று போன வாரம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நண்பர் போனில் சொன்னபோது, நான் வேறு யாரையோ நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு சுடலைமுத்து உண்டு. "எந்த அண்ணாச்சி?" என்று கேட்டேன். "கார்டு பஸ்ஸு கண்டக்டருவே!" என்றார். போனை வைத்தபிறகும் எனக்கு அழுகை வரவில்லை. எதற்காகவோ சட்டையை மாற்றிக்கொண்டு, திரும்பவும் பழைய சட்டையையே போட்டுக்கொண்டேன்.

அந்த வழியில் போய்வந்தவர்களுக்கு அவரை நினைவிருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில், திருநெல்வேலிக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் டிக்கெட்டுக்குப் பதில் கார்டு வந்தது. முதலாளி சிங்கப்பூரில் பார்த்துவிட்டு வந்து ஆசைப்பட்டது. மாதத் தொடக்கத்தில் கார்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முன்வாசல் மிஷினில் செருகினால் ஒரு பயணம் கழிந்து 'கீ' என்று சத்தம் வரும். கார்டு செல்லாவிட்டால் சிவப்பு விளக்கு. மிஷினைப் பொருத்தியவன் நான். டிப்ளமோ முடித்திருந்தேன்; எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் இருந்தது.

தன் வேலைக்கே உலை வைக்க வந்தவன் என்று அவர் என்னை வெறுப்பார் என எதிர்பார்த்தேன். அவரோ, "புதுசுன்னா ரெண்டு நாளு மெரட்டத்தான் செய்யும் தம்பி, பொறவு பழகிரும்" என்று மிஷினை வேட்டைக்காரன் நாயைத் தடவுவதுபோலத் தடவிக் கொடுத்தார். காலை நெரிசலில் கூடையும் கையுமாக ஏறும் பெண்களால் மிஷினை எட்ட முடியாது. அவர்களுடைய கார்டுகளை எல்லாம் வாங்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பாட்டு ஸ்பீக்கரின் முதுகை ஒட்டி வைப்பார். ஒவ்வொன்றாகச் செருகிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

சில நாளிலேயே கார்டுகள் சாகத் தொடங்கின. நேற்று வேலை செய்த கார்டு இன்று சிவப்பு விளக்கைக் காட்டும். ஈரம் என்றேன், தூசி என்றேன், மிஷினைக் கழற்றி மாட்டினேன். ஒன்றும் பிடிபடவில்லை. முதலாளி கோபப்பட்டபோது, வேறு வழி தெரியாமல், "பயணிகள் ஏதோ தில்லுமுல்லு செய்கிறார்கள்" என்று சொல்லிவிட்டேன். செல்லாத கார்டைப் பிடுங்கி ஆளை இறக்கிவிட உத்தரவு வந்தது.

முதலில் மாட்டியது மைதீன் பீவி. பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. சிவப்பு விளக்கு எரிந்ததும், மிஷினைக் கவனிக்க பஸ்ஸில் வந்திருந்த என்னை அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "எறங்கிக்கிடு தாயி" என்றார். செய்துங்கநல்லூரைத் தாண்டி, நிறுத்தமே இல்லாத இடத்தில், கையில் சில்லறை இல்லாமல் அந்த அம்மாள் இறங்கினார். அன்று நேரத்துக்குப் போகாததால் ஆஸ்பத்திரியில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நாலைந்து நாள் கழித்து ஸ்பீக்கர் பழுதாகி, அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "பாட்டு படிக்காத அன்னைக்கு ஒரு கார்டும் சாகலியே. அது என்ன கணக்குவே?"

ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. கார்டின் கறுப்புப் பட்டையில் பதிந்த பயணக் கணக்கைக் காந்தம் அழித்துவிடும். படித்த பாடம்தான். ஸ்பீக்கரைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்த கடைக்குப் போய், நல்ல கார்டு ஒன்றை ஸ்பீக்கர் முதுகில் வைத்து எடுத்தோம். செத்திருந்தது. அண்ணாச்சி கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்பம் நான் ஒத்தாசைன்னு செஞ்சதுதான் அந்தப் புள்ள வயித்துல அடிச்சிருக்கு, என்ன?"

அன்று சாயங்காலமே பீவியின் வீட்டுக்குப் போனோம். ஸ்பீக்கர் விவகாரத்தை அண்ணாச்சி ஒளிக்காமல் சொன்னார். பீவி கேட்டுவிட்டு, "கார்டு கெட்டது கெடக்கட்டும். அத்தன பேரு முன்னால என்னையக் களவாணியாக்கி எறக்கிவிடச் சொன்னது யாரு அண்ணாச்சி?" என்றார்.

"நான்தான் தாயி" என்றார் அவர்.

நான் அவருக்குப் பின்னால்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் வாழைக்குக் காற்று அடித்ததைப் பற்றியே பேசினார். என்னைக் காப்பாற்றினாரா, இல்லை தண்டித்தாரா? எனக்குப் புரியவில்லை. மறுநாள் அவர் பஸ்ஸுக்குப் போகாமல் பீவியுடன் ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லாரும் கேட்கும்படி, "தப்பு எங்க பஸ்ஸு மேல" என்று தலைமை நர்ஸிடம் சொன்னார். பீவிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பழுது தீர்ந்து மறுபடி மாட்டிய ஸ்பீக்கரைக் கழற்ற முதலாளிக்கு மனம் வரவில்லை. பாட்டு இல்லாவிட்டால் கூட்டம் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடும். டப்பாவைத் தள்ளி வைத்தும் ஜனங்களுக்குக் கார்டின் மேல் நம்பிக்கை திரும்பவில்லை; மழைக்காலம் முடிவதற்குள் கார்டை நிறுத்திவிட்டுக் காகித டிக்கெட்டுக்கே திரும்பினார்கள். நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

துட்டி கேட்க அண்ணாச்சி வீட்டுக்குப் போனபோது பீவி அங்கே இருந்தார். தலை முழுக்க நரை. இனியாவது சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் போனேன். "அன்னைக்கு இறக்கிவிடச் சொன்னது நான்தான்."

"தெரியுமே தம்பி. நீங்க தலையாட்டுனத பாத்தேன்லா? நீங்க வாய் தொறப்பியளான்னுதான் வீட்டுல வச்சுக் கேட்டேன்."

"அது அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"பொறவு ஒருநாளு பஸ்ஸுல வச்சுச் சொன்னேன். சிரிச்சாவ."

அது என்னை மன்னித்த சிரிப்பா, என்னை அளந்துவிட்ட சிரிப்பா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்காத அந்தச் சிரிப்புதான் அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது.