கிணற்றுக்குள் இருந்த சார்

ஈரச் சாக்கிலிருந்து வந்த சேற்று வாடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அப்போது எனக்குப் பத்து வயது. கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த ஏகாம்பரம் மாமா சாக்கோடு நிற்கிறார். உள்ளே ஏதோ அசைகிறது...

ஊசுட்டேரியில் மீனுக்குப் போட்ட வலையில் சிக்கிய ஆமை. அப்பாவுக்கு அப்போது மூலம். மில்லில் எட்டு மணி நேரம் நிற்பார், வீட்டுக்கு வந்தாலும் உட்கார முடியாது.

"மூலத்துக்கு இத வுட்டா மருந்து கெடையாதுண்ணே. ரெண்டு வாட்டி கொழம்பு வெச்சி சாப்புடு, மூணு மணி நேரம் உக்காந்து சினிமா பாப்ப" என்றார் மாமா.

அம்மா வாசலை மறித்துக்கொண்டாள். "ஆமைய வூட்டுக்குள்ள கொண்டாந்தீங்க, நான் எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்."

அப்பா சாக்கை வாங்கிக்கொண்டார். வாசலை மிதிக்காமல் பக்கத்துச் சந்து வழியாகப் போய், பின்னால் இருந்த கிணற்றில் இறக்கிவிட்டார். "கெணறு வூடு இல்லியே... ஞாயித்துக்கெழம வெட்டிக்கலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. முதல் வாரம் மாமாவுக்குக் காய்ச்சல். அடுத்த வாரத்துக்குள் நான் அதற்குப் பெயர் வைத்துவிட்டேன்... சார். தலையை மட்டும் நீட்டி நாலு பக்கமும் முறைத்துவிட்டு உள்ளே போகும், எங்கள் கணக்கு சார் மாதிரியே.

பெயர் வைத்த பிறகு எப்படி வெட்டுவது? அப்பாவின் மூலம் கடைசியில் ஆபரேஷனில்தான் சரியானது.

தினமும் காலையில் ஒரு பிடி சோறு போடுவேன். "சார், சாப்ட்டாச்சா?" என்று குரல் கொடுத்தால் மேலே வரும். அம்மா கூப்பிட்டால் வராது, அண்ணன் கூப்பிட்டாலும் வராது. எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

பத்து வருஷம் ஓடியது. மில்லை மூடினார்கள், அப்பா வாட்ச்மேன் வேலைக்குப் போனார். தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. நான் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங்கில் சேர்ந்தேன். அண்ணன் பைக் வாங்கினான், நிறுத்த இடமில்லை. கிணற்றை ஸ்லாப் போட்டு மூடிவிடலாம் என்று முடிவானது.

அப்பா என்னிடம்தான் சொன்னார். "வெள்ளிக்கெழம மேஸ்திரி வர்றாரு. அதுக்குள்ள சார எடுத்து ஏரில வுட்டுடும்மா. நீ கூப்ட்டாதான் மேல வரும்."

தீபாவளி சீசன். நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போய் வருவேன். புதன்கிழமை, நாளைக்கு என்றேன். வியாழக்கிழமையும் நாளைக்கு என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் பஸ் பிடிக்கிற அவசரத்தில் அந்த ஞாபகமே இல்லை. இப்போது எழுதும்போதும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

சாயங்காலம் வந்து பார்த்தால் ஸ்லாப் வேலை முடிந்து, சிமென்ட் ஈரம் காயாமல் கிடக்கிறது.

டூட்டி முடிந்து வந்த அப்பா கேட்டார். "சார வுட்டியாம்மா?"

"வுட்டுட்டேன்பா."

"ஏரில தண்ணி இருந்துச்சா?"

"நெறைய இருந்துச்சிப்பா."

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கடப்பாரையை எடுத்திருப்பார். அடிப்பார் என்ற பயமில்லை. அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கத்தான் பயம்.

மோட்டார் பைப்புக்காக ஸ்லாபில் ஒரு சின்ன ஓட்டை விட்டிருந்தார்கள். அது வழியாகக் கொஞ்ச நாள் யாருக்கும் தெரியாமல் சோறு போட்டேன். "சார், சாப்ட்டாச்சா?" என்று மட்டும் என்னால் கேட்க முடியவில்லை. அடுத்த மாதம் பைப் இறக்கி ஓட்டையையும் பூசிவிட்டார்கள்.

மாமா கொண்டு வந்த அன்றைக்கே குழம்பாகியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். ஆமைக்கு ஆயுசு ஜாஸ்தி என்கிறார்களே... அந்த இருட்டில் எத்தனை வருஷம் கிடந்ததோ.

அப்பா இருந்தவரைக்கும், ஊசுட்டேரியைத் தாண்டும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். "நம்ம சாரு இங்கதான் இருக்காரு" என்பார். நான் தலையாட்டுவேன். அப்படியே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது ஆமையைப் பிடித்தாலே கேஸ். மூலத்துக்கு மாத்திரை இருக்கிறது. ஏரியில் பறவை பார்க்க ஸ்கூலிலிருந்தே பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளை அங்கே கூட்டிப் போயிருந்தேன். ஒரு கட்டையில் ஆமை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டே கேட்டாள். "அம்மா, இது தாத்தாவோட சாரா இருக்குமா?"

"இருக்கும்டா" என்றேன்.

அதே பழைய வீட்டுக்கு வந்து ஸ்கூட்டியை எப்போதும் நிறுத்துகிற அந்த ஸ்லாப் மேல்தான் நிறுத்தினேன். எங்கள் வீட்டில் வண்டி நிறுத்த வேறு இடமில்லை.