சிவப்பு ஸ்டிக்கர்

ஒரகடத்தில் வேலைக்குப் போகிற எங்கள் போன்களுக்கு ஷிப்ட் நேரத்தில் கண் தெரியாது. கம்பெனி கேட்டிலேயே செக்யூரிட்டிக்காரர் போன் கேமராவின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். வெளியே வந்ததும் உரித்துக்கொள்ளலாம். பஸ் நிற்கிற இடத்தில் கம்பத்துக்கு அம்மை போட்டதுபோல் ஒட்டியிருப்பதெல்லாம் நாங்கள் உரித்ததுதான்.

நான் படம் எடுக்கிற பைத்தியம். பூ, மேகமெல்லாம் எனக்கு ஆகாது. போர்டுகள்தான். "ஆட்கள் தேவை" என்று பெரிதாக எழுதி, அதற்குக் கீழேயே "உள்ளே வராதீர்கள்" என்று விரட்டுகிற கேட் ஒன்று என்னிடம் இருக்கிறது. வாலாஜாபாத் ரோட்டில் ஒருவர் "இங்கு பஞ்சர் போடப்படும்" என்று எழுதியிருக்கிறார். அந்த இடம் வரும்போதுதான் டயரில் ஆணி ஏறுகிறது என்பதால் அவர் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார் என்பது என் கட்சி.

ஸ்டிக்கரின் பசை லென்ஸில் தங்கிவிடும். அதனால் என் படங்களில் எல்லாம் ஒரு மூலையில் வெள்ளையாக ஒரு மங்கல் நிற்கும். என் ரூம் தம்பி அதைப் பேய் என்பான்.

"அண்ணே, இந்தப் படத்துலயும் ஒங்க பேய் நிக்கி."

தென்காசிப் பக்கம் அவனுக்கு. இருவருக்கும் ஒரே ரூம், ஒரே பாய், எதிரெதிர் ஷிப்ட். நான் வரும்போது அவன் கிளம்பியிருப்பான். பாயில் சூடு இருக்கும், கொடியில் ஈரத்துண்டு இருக்கும், ஆள் இருக்க மாட்டான். லீவு நாளில் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓ.டி. முடிந்து வந்தேன். அவன் புதுச்சட்டையில் வாசலில் நின்றான். மணிமங்கலத்தில் கூட்டாளிக்குக் கல்யாணம். அவனுடைய செருப்பு வார் அறுந்து ஊக்கில் தொங்கிக்கொண்டிருந்ததால் என் புதுச்செருப்பைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டான். அது அவனுக்கு ஒரு விரல் பெரிது.

"அண்ணே, ஒரு படம் எடுங்க. அம்மைக்கு அனுப்பணும்."

வெயில் முகத்தில் அடித்தது, ஸ்கிரீனில் ஒன்றும் தெரியவில்லை. குத்துமதிப்பாக அமுக்கினேன். கூட வருகிறவன் பைக்கில் ஹாரன் அடித்தான். "சாயங்காலம் அனுப்புங்கண்ணே" என்று ஏறிப் போய்விட்டான். ரூமுக்குள் வந்து பார்த்தேன். படம் முழுக்கச் சிவப்பு. தூக்கக் கலக்கத்தில் ஸ்டிக்கரை உரிக்கவே இல்லை. இத்தனை படம் எடுத்து என்ன, இப்படி ஒரு கோமாளித்தனம்! சாயங்காலம் அவன் கிண்டல் தாங்காது என்று சிரித்துக்கொண்டே தூங்கினேன்.

சாயங்காலம் அவன் வரவில்லை. திரும்பும் வழியில் கண்டெய்னர் லாரி. உடம்பை நேராக ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அதற்குப் பிறகும் நான் ஷிப்ட் முடிந்து வந்தால் பாய் சூடாகத்தான் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெயில் இறங்குகிறது, தெரியாமல் இல்லை. தெரிந்தும் உட்காருவதற்கு முன் கையால் தொட்டுப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது. சூடு இல்லாமல் போனால் அதைவிடப் பயமாக இருக்கும். ஹவுஸ் ஓனர் அக்கா ஒருநாள் வாசலைக் காட்டினார்.

"இன்னாப்பா, அந்தத் தம்பி செருப்பு இன்னும் இங்கயே கீது. பாத்தா ஆளு வூட்டுக்குள்ள இருக்கற மாதிரியே கீதுப்பா. எடுத்துடு."

சரி என்றேன், எடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவனுடைய தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, அன்னைக்கு மண்டபத்துல இருந்து அண்ணன் பேசுனான். ரூம் அண்ணே படம் எடுத்துருக்காவ, சாயங்காலம் வரும்னு சொன்னான். அம்ம தெனமும் கேக்கா. இருந்தா அனுப்புங்கண்ணே."

ஊர் முழுக்க எந்தச் சுவரில் எந்தப் போர்டு என்று என் போனில் இருக்கிறது. கூடவே இருந்தவன் முகம் ஒன்றுகூட இல்லை. அழிந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அப்புறம் அந்தச் சிவப்பை மறுபடி திறந்து, பெரிதாக்கிப் பார்த்தேன். வியர்வையில் ஸ்டிக்கரின் ஒரு ஓரம் கிளம்பியிருந்திருக்கிறது. படத்தின் அடியில், ஒரு கீற்றில், என் புதுச்செருப்புக்குள் கலங்கலாக இரண்டு பாதங்கள். ஸ்டிக்கரை உரிக்க மறந்ததை ஒளிக்காமல் எழுதி, படத்தை அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அதே நம்பரில் அம்மாவே பேசினார்.

"ஏ ஐயா, இது எம்புள்ள காலுதான். பெருவெரல இப்படித் தூக்கிக்கிட்டுத்தான் நிப்பான். பிஞ்ச செருப்ப மாத்துலன்னு எத்தன மட்டம் சொல்லிருப்பேன்... புதுசு வாங்கிட்டானாய்யா?"

வாசலில் ஊக்கு குத்திய செருப்பு கிடந்தது.

"வாங்கிட்டாம்மா," என்றேன். "கால்ல சரியா இருந்துச்சு."