கம்பி கட்டிய அணு

ஊதுபத்தி மாவுக்குச் சந்தன வாசனை கிடையாது, அதெல்லாம் பிறகு ஏற்றுவது. மைசூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அம்மா கூலிக்கு உருட்டிய மாவில் கரியும் பிசினும்தான் நாறின. அந்த மாவில்தான், எட்டாம் வகுப்பில், பள்ளிக் கண்காட்சிக்காக நான் கார்பன் அணு செய்தேன். கரியில் கார்பன், அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. குங்குமம் பூசிய ஆறு உருண்டைகள் புரோட்டான், வெறும் கறுப்பு ஆறு நியூட்ரான், மஞ்சள் பூசிய ஆறு சிறு மணிகள் எலெக்ட்ரான். முதல் பரிசு வாங்குவதை மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள் என்பதால் பத்து நாளாக எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அப்பா கர்நாடக எல்லையோரத்து ஹனூர்க்காரர், கட்டடங்களில் கம்பி கட்டுபவர். தினமும் வேலைவிட்டு வந்ததும், "இன்னிக்கு என்ன படிச்ச கண்ணு?" என்று கேட்பார். அவர் கொண்டுவந்த மெல்லிய கட்டுக்கம்பியில் சட்டம் வளைத்து, புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த கருவையும், எலெக்ட்ரான் கோத்த இரண்டு வளையங்களையும் நூலில் தொங்கவிட்டேன். தொட்டால் எல்லாம் ஆடியது.

"நடுவுல என்ன இருக்குது?" என்று கருவுக்கும் வளையத்துக்கும் இடையே விரலை விட்டுக் கேட்டார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா, வெறும் எடம்."

"ஒண்ணுமில்லாம எப்படி நிக்கும், சாமி?"

கண்காட்சியன்று காலையில் நான் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வருவதற்குள், அப்பா தூணுக்குக் கட்டுவதுபோல ஒவ்வொரு எலெக்ட்ரானையும் கருவோடு சேர்த்துக் குறுக்குக் கம்பி போட்டு, தன் வேலைக் கொக்கியால் முறுக்கிவிட்டிருந்தார். புத்தகத்தில் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஆடாமல் நின்றது, பார்க்க அழகாகவும் இருந்தது. சந்தோஷமாகத்தான் எடுத்துப்போனேன்.

அரைநாள் வேலையை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் அப்பாவும் வந்தார். அறிவியல் ஆசிரியர் பார்த்தார், சிரித்தார். ஓடவேண்டிய எலெக்ட்ரானைக் கட்டிப்போட்ட புத்திசாலி யார் என்று கன்னடத்தில் கேட்டார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

"நம்மப்பா சார், அவரிகெ ஏனூ கொத்தில்ல" என்றேன். எங்க அப்பா சார், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று. என்னைவிட நல்ல கன்னடம் பேசுகிற மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

அப்பா பையிலிருந்த கொக்கியை எடுத்து, அத்தனை பேருக்கு முன்னால் ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். அணு மறுபடி ஆடத் தொடங்கியது. இப்போதுதான் சரி என்றார் ஆசிரியர். இரண்டாம் பரிசாக ஒரு டிபன் டப்பா கிடைத்தது, மாவட்டத்துக்கு வேறொருத்தி போனாள். அன்றைக்குப் பிறகு அப்பா என் பாடத்தைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. "சாப்புட்டியா?" என்பதோடு சரி.

பத்தாவது முடித்து பி.யூ.சி. சேர்ந்தபோது வேறு பாடம் வந்தது. எலெக்ட்ரான் எந்த வளையத்திலும் ஓடுவதில்லையாம். இந்நேரம் இங்கே இருக்கும் என்று சுட்டிக்காட்டவும் முடியாதாம். ஆனால் கருவுக்கும் அதற்கும் நடுவே ஓர் இழுப்பு இருப்பது மட்டும் நிஜம். அதாவது நான் வளைத்த வளையம் பொய். அப்பா கட்டிய கம்பி இருந்த இடத்தில்தான் உண்மையில் ஒன்று இருந்தது. வளையத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லையே! அன்று மாலையே அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை, இன்னொரு நாள் என்று தள்ளிப்போட்டேன்.

இப்போது அம்மா மாவு உருட்டுவதில்லை, அதற்கு மெஷின் வந்துவிட்டது. நான் ஒரு பள்ளியில் இதே பாடத்தை நடத்துகிறேன், வருடா வருடம் கரும்பலகையில் அதே பொய் வளையங்களை வரைகிறேன். அப்பா போய் நான்கு வருடமாகிறது. தனக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பிக்கொண்டேதான் போனார்.