வழிகாட்டிகள் சங்கத்தின் முதல் விதி

நான் எழுதும் விண்வெளி நாவலில், கப்பல்களை வைத்திருக்கும் அரசர்கள்கூட வழிகாட்டிகள் சங்கத்துக்கு அஞ்சுவார்கள். அந்தச் சங்கம் எப்படித் தோன்றியது என்று பதிப்பாசிரியர் கேட்டிருந்தார். பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டில் பனியன் தைக்கும் ஓவர்லாக் மிஷின் ஓடத் தொடங்கியது.

சின்ன வயதில் மண்ணரையில் நாங்கள் இருந்த சந்து முழுக்க அந்தச் சத்தம்தான். பனியன் அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அதற்குள் நான்கைந்து பிள்ளைகள் குனிந்து நடப்பார்கள். அதுதான் ராக்கெட். பெட்டி செல்வத்துடையது. உள்ளிருந்தால் வெளியே எதுவும் தெரியாது. எந்த வீட்டில் எந்த மிஷின் ஓடுகிறது என்று காதாலேயே கண்டுபிடித்து வழி சொல்பவள் நசீமா. மதுரைப் பக்கமிருந்து புதிதாக வந்த என்னைச் செல்வம் ஏற்றவே மாட்டான்.

எல்லோரும் நசீமா சொல்படி நடப்பது பொறுக்காமல், ஒருநாள் அவளையும் இறக்கிவிட்டான். ராக்கெட் நேராகப் போய்ச் சாயத்தண்ணீர் ஓடும் சாக்கடையில் இறங்கியது.

மறுநாள் வேறு பெட்டியோடு வந்தான். கால் இரண்டும் இன்னும் நீலமாகவே இருந்தன.

"நீயே வழி சொல்லு, நசீமா."

"சொல்றேன். ஆனா இவளையும் ஏத்தோணும். இனி யாரு வந்து கேட்டாலும் ஏத்தோணும். இல்லீன்னா நான் வரமாட்டேன்."

செல்வம் பெட்டியைத் தூக்கிப் பிடித்தான். நான் உள்ளே நுழைந்தேன். இருட்டில் நசீமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேளு, இது ஓவர்லாக். இங்க திரும்போணும்."

பதிப்பாசிரியரைப் போனில் கூப்பிட்டு, சங்கம் தோன்றிய கதையையும் அதன் முதல் விதியையும் சொன்னேன்.

"யாரையும் ஏத்த மறுக்காத சங்கமா? நம்புற மாதிரி இருக்குமாங்க?" என்றார்.

"இருக்கும்ங்க. நான் அதுல போயிருக்கேன்."