தனி வீடு வேண்டாம் என்றேன்

ஈஸ்டர் ஞாயிறு குண்டு வெடிப்பு நடந்த வருடக் கடைசி. ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். கொழும்பில் வீட்டு வேலை பார்த்த நான், அந்த ஞாயிறு வயிற்றில் பிள்ளையோடு பூசைக்குப் போயிருந்தேன். உயிர் தப்பியது ஆண்டவர் புண்ணியம். ஆனால் இரண்டு காதும் போய்விட்டது. கணவர் என்னைத் தன் தோட்டத்துக்கே கூட்டி வந்துவிட்டார்.

மகள் பிறந்தாள். அவள் அழுவது எனக்குக் கேட்காது. கணவருக்கோ தேயிலை ஃபெக்டரியில் இரவு வேலை. பெரகலையில் இருக்கும் நாத்தனார் வந்து, பிள்ளையைத் தானே கொண்டுபோய் வளர்ப்பதாகச் சொன்னார். கணவர் அதை எழுதிக் காட்டினார். பெற்றவள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பிள்ளை இன்னொரு வீட்டில் வளர்வதா!

காப்பாற்றியவர் பக்கத்து வீட்டு அக்கா. லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தானே. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும், எனக்குத்தான் கேட்காது. பிள்ளை அழுதால் அக்கா விறகுக் கட்டையால் சுவரை இடிப்பார். சுவரோடு முதுகை ஒட்டிப் படுத்திருக்கும் எனக்கு அதிர்வு தெரியும். எழுந்து பால் கொடுப்பேன். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வரும் மனுஷி, ஒரு ராத்திரிகூடத் தவறவிட்டதில்லை. இதை யாரிடமும் நாங்கள் மூச்சு விடவில்லை. நாத்தனாருக்குத் தெரிந்தால் அவ்வளவுதான், பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்!

அந்த நேரம் பார்த்து, பாதிக்கப்பட்டவர்களுக்கான அரசாங்க உதவியில் எங்களுக்கு ஒரு தனி வீடு வந்தது. லயமே சந்தோஷப்பட்டது. நான் வேண்டாம் என்றேன். தனி வீட்டில் நாலு சுவரும் நம்முடையது, இடிக்க யார் இருக்கிறார்கள்? எனக்குக் கொழுப்பு என்று ஊரே பேசியதாம்.

சமூக சேவைப் பிரிவிலிருந்து ஒரு மிஸ் விசாரிக்க வந்தார். மேடு ஏறி வந்த களைப்பு, முகத்தில் கோபம். எத்தனையோ பேர் வீட்டுக்குக் காத்திருக்கும்போது உங்களுக்கு ஏன் வேண்டாம் என்று தாளில் எழுதி நீட்டினார். நான் சுவரோரமாக உட்கார்ந்து, தண்ணி வசதி இல்லை, அது இல்லை, இது இல்லை என்று மழுப்பினேன். திடீரென்று முதுகில் இடி! பகல் சோற்றுக்கு வந்திருந்த அக்காவுக்கு மிஸ் வந்தது தெரியாது, பாவம். பேச்சைப் பாதியில் விட்டு உள்ளே ஓடி மகளைத் தூக்கினேன். திரும்பி வந்தால் மிஸ் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். செத்தேன் என்று நினைத்தேன்.

"மிஸ், புள்ளைய மட்டும் பிரிச்சிறாதீங்க" என்று அழுதுவிட்டேன்.

அவர் என் மகளை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். பிறகுதான் எழுதினார்: "முதல்ல காது. அப்புறம் வீடு. அது எங்கயும் போகாது, நான் பாத்துக்கிறேன்."

சொன்ன சொல் தவறவில்லை. தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்த பதுளை ஆஸ்பத்திரி கிளினிக் திகதியை அலைந்து திரிந்து முன்னுக்குக் கொண்டுவந்தார். காது மெஷினும் அரசாங்கச் செலவிலேயே கிடைத்தது.

மெஷின் மாட்டிய அன்று துணைக்கு வந்தது அக்காதான். அவ்வளவு நாள் பழகியும் அவர் குரல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. முதலில் ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் கரகரவென்று ஒரு குரல்.

"ஏன்டி, கேக்குதா இல்லையா? வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்டி!"

"கேக்குதுக்கா" என்றேன். அவ்வளவு அதட்டிய மனுஷி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்ப ஆரம்பித்தார்.

இப்போது அந்தத் தனி வீட்டில்தான் இருக்கிறோம். மகள் பள்ளிக்கூடம் போகிறாள், ஓயாத வாயாடி. ஆனாலும் எனக்காக இன்னொருத்தி தூக்கத்தைத் தொலைத்த அந்த லயத்து நாட்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. உன்னை நான் மட்டும் வளர்க்கவில்லை என்று சொல்லித்தான் மகளை வளர்க்கிறேன்.