ரோஸ் கம்மலும் நீலக் காதும்

போன வாரம் என் தம்பியின் கல்யாண ஆல்பம் வந்தது. பிரித்ததும் நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, பெண்ணையும் பார்க்கவில்லை. என் காதைத் தேடினேன்.

சிரிக்காதீங்க. காரணம் இருக்கிறது.

போன வருஷம் பெரியப்பா மகன் கல்யாணம். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியுமில்லையா... தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் அக்காவோ தங்கச்சியோ பின்னால் நின்று விளக்குப் பிடிக்கணும். அன்றைக்குப் பிடித்தது நான். கட்டியிருந்தது சந்தனக் கலர் சேலை. மணவறைக்குப் பின்னால் டெகரேஷன்காரர் தொங்கவிட்ட துணியும் அச்சு அசல் அதே சந்தனக் கலர்.

விளைவு? வீடியோவில் ஒரு கை தெரிகிறது, கையில் ஒரு விளக்கு தெரிகிறது. நான் இல்லை.

திட்டக்குடியில் வாக்கப்பட்ட என் சித்தி மகள் விஜயா அந்த சி.டி.யைப் பார்த்துவிட்டு, அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் கேட்டாள். "விளக்கு தானா நிக்குதுன்னு நெனச்சேங்க்கா. நீங்களா புடிச்சிருந்தீங்க?"

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது சொந்தத் தம்பிக்குக் கல்யாணம். வீடியோவில் நான் தெரிந்தே ஆகணும். அதிலும் விஜயா கண்ணுக்குத் தெரிந்தே ஆகணும்.

வழி காட்டியது யார் என்கிறீர்கள்? ராத்திரி சீரியல் வில்லிதான். கதாநாயகி ஒரே நூல் சேலையில் உட்கார்ந்து அழுகிறாள். வில்லியோ பாலில் விஷம் கலக்கும்போதுகூட சேலை, பொட்டு, கம்மல், வளையல் எல்லாம் ஒரே கலரில் வந்து நிற்கிறாள். ஊர்ப் பொம்பளைங்க யாரைப் பார்ப்பாங்க? நாயகிக்காக அழுதுகொண்டே வில்லியின் கம்மலைத்தானே பார்க்கிறோம்.

கடைவீதியில் வில்லி கட்டியதைப் போலவே ஒரு நீலச் சேலை வாங்கிவிட்டேன். பட்டு மாதிரி இருக்கும், பட்டு இல்லை. தொட்டுப் பார்க்காதவரைக்கும் கவலையில்லை. ஆனால் அந்த நீலத்துக்கு கம்மல்? விருத்தாசலத்தில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் பாக்கியில்லாமல் ஏறி இறங்கினேன். இல்லவே இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது — என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது பீங்கான் கம்பெனியில். கரன்ட் கம்பத்துக்கான பீங்கான் கிண்ணியும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற இடம். அங்கே இருக்கிற சின்ன அச்சில் இரண்டு கம்மலும் ஒரு ஜோடி வளையலும் வார்த்து, நீலம் பூசிச் சுட்டால் ஆயிற்று. கேட்டேன். மனுஷன் மறுக்கவில்லை. மேட்ச் பண்ண கலருக்கு ஒரு துண்டுத் துணி மட்டும் கேட்டார்.

இங்கேதான் நான் புத்திசாலி ஆனேன்.

பீங்கானில் பளபளப்புக்குப் பூசுகிற கிளேஸ் இருக்கிறதே, அது சூளைக்குப் போகும்போது ஒரு கலர், வெளியே வரும்போது வேறு கலர். நீலமாக வரவேண்டியது பூசும்போது ரோஸாகத்தான் இருக்கும். எங்கள் தெருவில் பாதிப் பேர் சூளை வேலைக்காரர்கள், இது தெரியாத ஆள் கிடையாது. நீலத் துணியைக் கொடுத்தால் இவர் பாட்டுக்கு நீலமாகத் தெரிகிற எதையாவது பூசிவைத்து, அது கறுப்போ பழுப்போ ஆகித் தொலைந்தால்? அதனால் பழைய ரோஸ் ஜாக்கெட்டில் ஒரு துண்டு வெட்டி, டிபன் கேரியர் பையில் போட்டு அனுப்பினேன். ரோஸ் பூசினால் நீலம் வரும். கணக்கு சரிதானே?

சேலையோ ஃபால்ஸ் தைக்க டெய்லர் கடையில் கிடக்கிறது. இவர் கண்ணிலேயே படவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தேன். கம்மல், வளையல் எல்லாம் பளபளவென்று... ரோஸ்.

"நீ ரோஸ் துணி குடுத்த. ரோஸ் வந்திருக்குது. அப்பறம் என்ன?" என்றார்.

"நீலம் வரணும்னுதானே ரோஸ் குடுத்தேன்!"

"சுட்டா என்ன கலர் வரும்னு எனக்குத் தெரியாதா? நீலம் வேணும்னா நீலத்தைக் குடுத்திருக்கணும்."

இவர் சுட்டபின் ரோஸாக வருகிற கிளேஸைத் தேடிப்பிடித்துப் பூசியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள்... வேறு எந்த ஊரிலாவது இந்தத் தப்பு நடக்குமா? எனக்குச் சூளையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால் அருமையான நீலக் கம்மல் வந்திருக்கும். உட்கார்ந்து அழுதுவிட்டேன். இவர் கம்மலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு விரிசல்கூட இல்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

வேறு வழி? நீலச் சேலையும் ரோஸ் கம்மலுமாக மண்டபத்துக்குப் போனேன். கம்மலின் கனத்தில் காது இரண்டும் தொங்குகிறது. மின்வாரியத்தில் வேலை பார்க்கிற சித்தப்பா ஒருவர் வெகுநேரம் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், தொழில் பக்தி.

விஜயா வந்தாள். தலை முதல் கால் வரை பச்சை. சேலை, பொட்டு, கிளிப், செருப்பு, செல்போன் உறை... கைக்குட்டைகூடப் பச்சை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

"கான்ட்ராஸ்ட்" என்றேன், அவள் கேட்கும் முன்பே. டெய்லர் கடைப் புத்தகத்தில் என்றைக்கோ பார்த்த வார்த்தை. "மேட்சிங் எல்லாம் இப்ப யாரு போடுறா? ஊர்ல இதான் ஓடுது."

விஜயா நேராக மணப்பெண் அறைக்குப் போனாள். திரும்பி வரும்போது பச்சைச் சேலைக்குச் சிவப்பு வளையல். உள்ளே இருந்த ஒரு சிவப்புச் சேலைக்காரி கையில் விஜயாவின் பச்சை வளையல். அவ்வளவுதான், தீ மாதிரிப் பரவிவிட்டது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த கூட்டம் கம்மலை மாற்றிக்கொண்டது. நல்லூர்க் கூட்டம் பொட்டை மாற்றிக்கொண்டது. அன்றைக்கு மண்டப வாசலில் செருப்பு மாறிப் போனதாக ஒருத்தரும் சண்டை போடவில்லை.

நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேமராக்காரர் லைட்டை என் முகத்துக்கே அடித்தார். பொய் சொல்வானேன்... தம்பி தாலி கட்டியதைவிட எனக்கு அந்த லைட்தான் சந்தோஷமாக இருந்தது.

சரி, ஆல்பத்துக்கு வருவோம். தாலி கட்டுகிற படம் நடுப்பக்கத்தில் பெரிசாக இருக்கிறது. நான் நன்றாகவே தெரிகிறேன். என் கம்மல்... நீலம்!

ஸ்டூடியோவுக்கு ஓடினேன். ஸ்டூடியோக்காரர் ரொம்பப் பெருமையாக விளக்கினார். சேலை நீலமாக இருக்கும்போது கம்மல் மட்டும் ரோஸாக இருந்ததாம். அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்று பரிதாபப்பட்டு, கம்ப்யூட்டரில் மேட்சாக மாற்றிவிட்டாராம். புதுசாகக் கற்றுக்கொண்ட வித்தை. கை கொஞ்சம் நகர்ந்து, கம்மலோடு காது மடலும் சேர்ந்து நீலமாகிவிட்டது. அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். முகம் முகமாக இருக்கிறது, காது மட்டும் சாமி படத்தில் இருந்து கழற்றி மாட்டியது போல.

தப்புச் செய்கிறவர்களைச் சமாளித்துவிடலாம். நாம் தப்புச் செய்துவிட்டோம் என்று நம்மைக் கேட்காமலே திருத்துகிறவர்களிடமிருந்து தப்பிப்பது எப்படி? என் கம்மலை நான் திருத்தினேன், வீட்டுக்காரர் திருத்தினார், ஸ்டூடியோக்காரர் திருத்தினார். மூன்று பேரும் நல்லவர்கள்.

இதில் விஜயாவுக்கும் ஒரு ஆல்பம் போயிருக்கிறது.

நேற்று போன் வந்தது. திட்டக்குடி நம்பர். இந்தத் தடவை என்ன சொல்லப் போகிறாளோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா... காதுக்குப் பூசுற கலர் எந்தக் கடையில விக்குது?"

வீட்டுக்காரர் அவள் காதுக்குக் கலர்ப் பொடி கலக்கிக்கொண்டிருக்கிறார். காதைச் சூளையில் வைக்க வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.